பார்வதி என்ன ஆனாள்?



கண்டியிலிருந்து கலஹாவுக்குச் செல்லும் பாதையில், தேயிலை மலைகளுக்கிடையே ஒரு சிற்றாலயம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு திருப்பலி நிறைவேற்ற அங்கே போய்வருவது நமது வழக்கம். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், திருப்பலி முடிந்து சனங்கள் கலைந்த பின், ஒரு தாய் மாத்திரம் திண்ணையில் நின்றுகொண்டிருந்தார். சேலைத் தலைப்பு நனைந்திருந்தது. மழையில் நனைந்ததா, கண்ணீரைத் துடைத்து நனைந்ததா என்று சொல்வதற்கில்லை.

“சாமி, எம் மகன எல்லாரும் தேவதாஸ்னு கூப்பிடுறாங்க. அந்தப் பேரு வந்ததுலருந்துதான் அவன் குடிய விடமாட்டேங்கிறான்” என்றார்.

கதை புதிதல்ல. இருபத்து மூன்று வயதுப் பையன். பக்கத்து டிவிசனில் ஒரு பிள்ளையை விரும்பினான். பிள்ளை வீட்டார் வேறிடத்தில் மணமுடித்துக் கொடுத்துவிட்டார்கள். இவன் தாடி வளர்த்தான். முதலில் பியர், பிறகு சாராயம், பிறகு கையில் காசு குறையக் குறையக் கசிப்பு. கூட்டாளிமார் அவனைத் திருத்தவில்லை, ஏசவுமில்லை. மாறாக, அவன் கல்வெர்ட்டில் சாய்ந்து கிடந்த கோலத்தைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து, பின்னணியில் பழைய சோகப் பாட்டொன்றைச் சேர்த்து, நாலு பேருக்கு அனுப்பிவிட்டார்கள். அரை நிமிடப் படம். அதைப் பையனே திரும்பத் திரும்பப் பார்க்கிறானாம். “அதுல அவன் அழகா இருக்கான் சாமி” என்றார் தாய். இந்தச் சொல்தான் நம்மை அன்றிரவு தூங்கவிடவில்லை.

அது எப்படி நடந்தது? சுயநினைவின்றி மழையில் கிடக்கும் ஒரு மனிதன் அழகாவது எப்படி? அந்தக் கூட்டாளிமார் கெட்ட பிள்ளைகளல்லர். தங்களை அறியாமலே அவர்கள் ஒரு பழைய நாவலை மீண்டும் ஒருமுறை படமாக்கியிருக்கிறார்கள். அந்த நாவல் திரைக்கு வந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதில் அவர்களுக்கு முன் கைவைத்தவர்கள் இந்தியாவின் பெரிய பெரிய கலைஞர்கள். எனவே நாம் கேட்கவேண்டிய கேள்வியை இந்தத் தோட்டத்துப் பையன்களிடம் மட்டும் கேட்பது நியாயமாகாது. ஒரு சோகக் காதற்கதையைத் திரைக்குக் கொண்டுவருபவருக்கு, பார்ப்பவர் மட்டில் என்ன கடமை இருக்கிறது? மூலநூலுக்கு உண்மையாயிருத்தல் என்றால் என்ன?

‘தேவதாஸ்’ நாவலை எழுதியவர் வங்காள எழுத்தாளர் சரத் சந்திர சட்டோபாத்யாயர் (1876–1938). இருபத்தைந்து வயதளவில் எழுதிய கதை. ஆனால் நூலாக வெளிவந்தது 1917இல். இடையிலே பல ஆண்டுகள் அதை அச்சிட அவருக்கு மனம் ஒப்பவில்லை. பிற்காலத்தில் அவர் எழுதிய நாவல்களோடு ஒப்பிட்டால் இது இளம்பிராயத்து எழுத்துத்தான். ஆயினும் இந்திய நாவல்களில் இதைப்போல் இத்தனை முறை படமாக்கப்பட்டது வேறொன்று இருக்குமோ என்பது ஐயம். 1920களின் இறுதியில் பேசாப்படமாக வந்தது. 1935இல் பிரமதேஷ் பருவா கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்துக்காக வங்காள மொழியில் எடுத்துத் தாமே தேவதாஸாகவும் நடித்தார். அடுத்த ஆண்டு இந்தியில் கே. எல். சைகால் நடித்தார். 1930களிலேயே தமிழிலும் ஒரு தேவதாஸ் வந்தது. ஆனால் நம்மவர் வீடுகளில் தேவதாஸ் என்றால் 1953இல் வேதாந்தம் ராகவையா இயக்கிய படந்தான். தெலுங்கிலும் தமிழிலும் ஒருங்கே எடுக்கப்பட்டது. நாகேஸ்வரராவ் தேவதாஸ், சாவித்திரி பார்வதி, லலிதா சந்திரமுகி. சி. ஆர். சுப்பராமனின் இசையில் கண்டசாலா பாடிய பாடல்களை இலங்கை வானொலி எத்தனை ஆயிரம் தடவை ஒலிபரப்பியிருக்கும்! எமது தகப்பனார் சவரம் செய்யும்போதெல்லாம் அதில் ஒன்றை முணுமுணுப்பார். வாழ்நாளில் ஒரு துளி மதுவைத் தொடாத மனிதர் அவர். ஆகவே அந்தப் பாட்டைக் கேட்டவரெல்லாம் குடிகாரராயினர் என்று நாம் சொல்லவரவில்லை.

நாவலை நாம் வாசித்தது அம்பிட்டிய குருமடத்தில் படித்த காலத்தில். படத்தை முன்னரே பார்த்து அழுதிருந்த நமக்கு நூல் ஓர் அதிர்ச்சியாகவே இருந்தது. படத்தைப் பார்த்தபோது விதி அவர்களைப் பிரித்தது என்று எண்ணியிருந்தோம். நூலிலோ விதிக்கு அவ்வளவு வேலையில்லை. நள்ளிரவில், தன் மானத்தையும் பெயரையும் பணயம் வைத்து, பார்வதி தேவதாஸின் அறைக்குத் தனியே வருகிறாள். என்னை ஏற்றுக்கொள் என்கிறாள். எத்தனை துணிவு! அவனோ பெற்றோர் என்ன சொல்வார்களோ என்று தயங்குகிறான். பிறகு கல்கத்தாவுக்குப் போய், தான் அவளை அப்படி நினைத்ததேயில்லை என்ற கருத்தில் ஒரு கடிதம் எழுதிவிடுகிறான். அக்கடிதத்தை அஞ்சலிட்ட பின் மனம் மாறித் திரும்பி வருகிறான். இப்போது அவள் மறுக்கிறாள். சுயமரியாதையுள்ள எந்தப் பெண்ணும் மறுத்திருப்பாள். அப்போது அவன் செய்வதென்ன? தூண்டிற்கோலால் அவள் நெற்றியில் அடிக்கிறான். இரத்தம் வழிகிறது. தழும்பு நிலைத்துவிடுகிறது.

எனவே சரத் சந்திரர் எழுதியது காதல் தோல்வியடைந்த கதையன்று. கோழைத்தனம் ஒன்று, ஆணவம் ஒன்று, அடி ஒன்று. அதன் பின்னர் நீண்ட தன்னழிவு. பார்வதியோ, வளர்ந்த பிள்ளைகளையுடைய ஒரு மூத்த ஜமீன்தாருக்கு இரண்டாந்தாரமாகப் போகிறாள். போன இடத்தில் அழுது மடிந்துவிடவில்லை. அந்த வீட்டை நடத்துகிறாள். தனக்கு மூத்த பிள்ளைகளுக்குத் தாயாகிறாள், ஏழைகளுக்குக் கொடுக்கிறாள். சந்திரமுகி என்னும் கணிகை தன் தொழிலை விட்டுவிட்டு, ஒரு கிராமத்திற்போய் எளிமையாக வாழ்கிறாள். பின்னர் நகரத்தெருக்களில் அவனைத் தேடிப்பிடித்து நோயில் பணிவிடை செய்கிறாள். மகதலா மரியாவை நினைத்துக்கொள்ளாமல் இந்தப் பகுதியை வாசிப்பது நமக்குக் கடினமாயிருந்தது. நூலில் உள்ள மூவரில் இருவர் வளர்கிறார்கள். வளராதவன் ஒருவன், அவன் பெயர்தான் அட்டையிலே இருக்கிறது.

திரை செய்தது என்ன? அது பொய் சொல்லவில்லை. சம்பவங்களில் பெரும்பாலானவற்றை அப்படியே வைத்துக்கொண்டது. ஆனால் எழுத்துக்கும் திரைக்கும் இடையில் ஒரு வேறுபாடு உண்டு. அவன் கோழையானான் என்று ஒரு வசனம் எழுதினால், வாசிப்பவர் அங்கே சற்று நின்று தீர்ப்பிடுகிறார். திரையிலே அந்தக் கோழைக்கு ஒரு முகம் வேண்டும். அந்த முகம் நமது உள்ளங்கவர்ந்த நடிகருடைய முகம். அதில் ஒளி விழுகிறது, பின்னால் வயலின் அழுகிறது. தீர்ப்பு எங்கோ போய்விடுகிறது, இரக்கம் மாத்திரம் மிஞ்சுகிறது. தீர்ப்பை இழந்த இரக்கம் மெள்ள மெள்ளப் புகழ்ச்சியாகிவிடுகிறது. நாகேஸ்வரராவ் அந்தக் குடிகாரன் வேடத்தில் நடித்தது போல் நடிக்க இனி ஒருவர் பிறக்கவேண்டும். அது கலையின் வெற்றி, மறுக்கமுடியாது. அந்த வெற்றியேதான் நமது பிரச்சினையும். மோசமாக நடித்திருந்தால் தோட்டத்துப் பையன் எவனும் எழுபது வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரைச் சுமந்திருக்கமாட்டான்.

அந்த அடியையே பாருங்கள். 2002இல் சஞ்சய் லீலா பன்சாலி எடுத்த இந்திப் படத்தில் தூண்டிற்கோல் மறைந்துவிட்டது. மணக்கோலத்தில் நிற்கும் பார்வதியை அவன் அடிப்பது ஒரு மாலையால். பட்டும் பொன்னும் விளக்கொளியுமாய் இருக்கிறது காட்சி. ஓர் ஆண் ஒரு பெண்ணின் முகத்தைக் காயப்படுத்துகிறான் என்பதே நம் மனத்தில் பதியாதவாறு அத்தனை அலங்காரம். தன் மகளுடைய நெற்றியில் இப்படி ஒரு தழும்போடு வருகிற தகப்பனுக்கு, ஐயா, அது அன்பின் அடையாளம் என்று சொல்ல எந்தப் பங்குத்தந்தைக்காவது வாய் வருமா? லயத்துக் காம்பிராக்களில் சம்பள நாள் இரவுகளில் எத்தனை நெற்றிகள் பிளக்கின்றன என்பதை, மறுநாட் காலையில் தோட்டத்து மருந்துச்சாலையில் நிற்பவர்கள் அறிவார்கள். அங்கே வயலின் எதுவும் ஒலிப்பதில்லை.

இதை வாசிக்கும் சிலர், குருவானவர் சினிமாவைக் கண்டிக்கக் கிளம்பிவிட்டார் என்று முகஞ்சுளிக்கக்கூடும். பொறுங்கள். சைகால் நடித்த தேவதாஸ் வந்த அதே 1936ஆம் ஆண்டு ஜூன் 29இல்தான் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் சினிமாவைப் பற்றிய தமது சுற்றுமடலை வெளியிட்டார். தீய படங்களைப் புறக்கணிப்பதாக வாக்குக்கொடுத்த அமெரிக்கக் கத்தோலிக்கரை அதில் பாராட்டினார். ஆனால் 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி வெளியிட்ட தீர்மானத்தில், தீமையை எடுத்துக்காட்டுவதே தவறென்று சொல்லப்படவில்லை. மனிதனை இன்னும் ஆழமாக அறிவதற்கு அது துணையாகலாம் என்றே சொல்லப்பட்டது. அப்படிக் காட்டும்போது ஆன்மாக்களுக்குக் கேடு விளையாதபடி ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்பதும் அங்கே உண்டு. வேதாகமமே தாவீது அரசனின் விபசாரத்தையும் கொலையையும் மறைக்கவில்லையே! ஆனால் அங்கே நாத்தான் தீர்க்கதரிசி வந்து நிற்கிறார். தாவீதுக்கு முன் வந்து நின்றவர்போலத் தேவதாஸுக்கு முன் வந்து நிற்க, திரைக்கதையில் யாருமில்லை.

தடைசெய்வது வழியாகாது என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு பழைய உதாரணம் உண்டு. 1774இல் ஜெர்மானியக் கவிஞர் கோத்தே ஒரு நாவலை வெளியிட்டார். மணமான பெண்ணைக் காதலித்து, ஈற்றில் தன்னையே மாய்த்துக்கொள்ளும் வெர்தர் என்ற இளைஞனின் கதை. இளைஞர் கூட்டம் வெர்தரைப் போலவே நீலக் கோட்டும் மஞ்சள் உட்சட்டையும் அணியத் தொடங்கியது. சிலர் அவனைப் போலவே மாண்டனர் என்றும் பேச்சு எழுந்தது. லைப்சிக் நகரத்தார் 1775இல் நூலையும் தடுத்தார்கள், அந்த உடையையும் தடுத்தார்கள். பயன் சொற்பமே. கோத்தேயும் கலங்கியிருக்கவேண்டும். அடுத்த பதிப்பில், என்னைப் பின்பற்றாதே என்று வெர்தரே வாசகனுக்குச் சொல்வதுபோலச் சில வரிகளைச் சேர்த்தார். ஓர் எழுத்தாளன் தன் பாத்திரம் வெளியே நடமாடத் தொடங்கிவிட்டதைக் கண்டு பயந்த கதை இது. இருநூறு ஆண்டுகள் கழித்து, 1974இல், அமெரிக்க சமூகவியலாளர் டேவிட் பிலிப்ஸ் செய்தித்தாள்களில் வரும் தற்கொலைச் செய்திகளின் தாக்கத்தை ஆராய்ந்து, அதற்கு வெர்தரின் பெயரையே வைத்தார்.

நமது நாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1995இல் இலங்கையின் தற்கொலை விகிதம் லட்சம் பேருக்கு நாற்பத்தேழு என்னும் அளவில், உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. பின்வந்த இருபது ஆண்டுகளில் அது ஏறத்தாழ எழுபது சதவீதம் குறைந்தது. பிரசங்கங்களால் குறைந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை அதுவன்று. கொடிய பூச்சிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததே முதன்மையான காரணம் என்பது ஆய்வாளர்களின் முடிவு. அவ்வாய்வுகளில் இங்கே நம் பக்கத்திலுள்ள பேராதனை மருத்துவர்களின் உழைப்புப் பெரிது. எனவே இளைஞரின் அழிவுக்கெல்லாம் சினிமாவைக் குற்றஞ்சாட்டும் சுலபமான பழக்கத்தை நாம் விட்டுவிட்டோம். எட்டும் தூரத்தில் விஷம் இல்லாதிருந்தால், கொதித்த மனம் ஆறுவதற்கு ஓர் இரவு கிடைக்கிறது. கசிப்பைப் பற்றியும் அதையே சொல்லலாம். அதை விற்பவனுக்கு நாவலும் தெரியாது, படமும் தெரியாது.

அப்படியானால் படமெடுப்பவர் செய்யவேண்டியது என்ன? முடிவை மாற்றிவிடலாமா? 2009இல் அனுராக் காஷ்யப் இந்தியில் எடுத்த ஒரு படம் அவ்வாறே செய்தது. அதில் தேவதாஸ் சாவதில்லை. வேறொரு வாழ்வைத் தொடங்கப் போகிறான். இது நல்லதுதானே என்று தோன்றும். நமக்கு அப்படி முழுமையாகத் தோன்றவில்லை. குடி கொல்லும் என்பது கதையிலுள்ள உண்மைகளுள் ஒன்று. சைகால் நாற்பத்திரண்டு வயதில், 1947இல், குடியினால் உடல் சிதைந்து மறைந்தார். பார்வதியாக நம்மை அழவைத்த சாவித்திரி அம்மையார் தாமும் அதே பழக்கத்துக்கு ஆளாகி, பத்தொன்பது மாதங்கள் நினைவிழந்து கிடந்து, 1981 டிசம்பரில் காலமானார். இவர்களைத் தீர்ப்பிட நாம் யார்? கதையில் வரும் சாவு கற்பனையன்று என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம். சாகிறவனைச் சாகவிடாமல் எழுதினால் சோகக் கதை ஒழுக்கக் கதையாகிவிடாது. கடினமான உண்மையொன்று கதையிலிருந்து கழிந்துபோகும், அவ்வளவே.

முடிவை மாற்றுவதல்ல, முடிவை யார் பார்க்கிறார் என்பதே காரியம். நாவலின் இறுதிப் பகுதியை நினைத்துப் பாருங்கள். சாகுமுன் ஒருமுறை உன் வாசலுக்கு வருவேன் என்று பார்வதிக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்ற, நோயுற்ற தேவதாஸ் இரவிலே ரயிலிலிருந்து இறங்கி, மாட்டுவண்டி பிடித்து, அவள் ஊருக்கு வந்து, ஜமீன் வீட்டு வாசல் மரத்தடியில், அந்நியர் நடுவே உயிர்விடுகிறான். அங்கே ஆசிரியர் கதையை நிறுத்தி, வாசகர் பக்கம் திரும்புகிறார். இப்படிப்பட்ட பாவி ஒருவனை எங்காவது கண்டால் அவனுக்காக மன்றாடுங்கள் என்கிறார். சாகும் வேளையில் நெற்றியில் அன்பான ஒரு கை படவும், யாரோ ஒருவர் கண்ணில் ஒரு துளி நீரைக் கண்டு சாகவும் ஒவ்வொருவருக்கும் கிடைக்கவேண்டும் என்ற கருத்தில் எழுதுகிறார். கிறிஸ்தவரல்லாத ஓர் எழுத்தாளர் தம் கதையை ஒரு செபமாக முடிக்கிறார். ‘பாவி’ என்ற சொல்லையும் விடவில்லை, இரக்கத்தையும் விடவில்லை. திரையில் இந்த இடத்தில் என்ன வருகிறது? பார்வதி ஓடிவருகிறாள். பெரிய கதவுகள் அவள் முகத்துக்கு முன்னே மூடிக்கொள்கின்றன. பிமல் ராய் 1955இல் எடுத்த படத்திலும் இவ்வாறே, பன்சாலியின் படத்திலும் இவ்வாறே. மறக்கமுடியாத காட்சி. ஆனால் கதவு மூடியதும் நாம் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறோம். மன்றாடும்படி நம்மை யாரும் கேட்பதில்லை.

இதுவரை நாவலின் பக்கம் பேசினோம். நாவலிலும் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடவேண்டும். அந்த வேண்டுதலுக்குச் சற்று முன்பாக ஆசிரியர் ஒன்று சொல்கிறார். இத்தனை காலத்தின் பின் பார்வதி என்ன ஆனாள், எப்படி இருக்கிறாள் என்று தமக்குத் தெரியாது, விசாரித்தறியவும் மனமில்லை, தேவதாஸுக்காக மட்டுமே வருந்துவதாகச் சொல்கிறார். இரண்டாம் முறை வாசிக்கையில்தான் இது நம்மைச் சுட்டது. இருநூறு பக்கம் ஒரு பெண்ணோடு நடந்துவந்துவிட்டு, அவள் கதவுக்கு உள்ளே மயங்கி விழுந்த பின், விசாரிக்க மனமில்லையாம்! திரைப்படக்காரர்கள் மூடிய அந்தக் கதவை முதலில் மூடியவர் சரத் சந்திரரே.

இங்கேதான் நல்ல திரைக்கலைஞனுக்கு வேலை இருக்கிறது. நூலாசிரியர் கேளாமல் விட்டதைக் கேட்பது மூலத்துக்குத் துரோகமாகாது. பிமல் ராயின் படத்தில் ஒரு சிறு காட்சி உண்டு. நாவலில் ஒருபோதும் சந்திக்காத பார்வதியும் சந்திரமுகியும் வழியில் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்துக் கடந்துபோகிறார்கள். பேச்சில்லை. யார் யாரென்று ஒருவருக்கொருவர் தெரியவும் தெரியாது. ஒரே மனிதனால் வாழ்வு புரண்ட இரண்டு பெண்கள் என்பதை நாம் மாத்திரம் அறிவோம். பன்சாலி அதே இருவரைச் சந்திக்கவைத்துச் சேர்ந்து நடனமாட விட்டார். கண்ணுக்கு விருந்து, அவ்வளவுதான். பிமல் ராயின் படத்தில் சந்திரமுகியாக நடித்த வைஜயந்திமாலா, துணை நடிகைக்கான பிலிம்பேர் விருதை வாங்க மறுத்தார். தம்முடையது பார்வதிக்குச் சமமான பாத்திரம் என்பது அவர் வாதம். அதைக் கர்வம் என்றவர்கள் உண்டு. கதையை அவர் சரியாக வாசித்திருந்தார் என்றே நாம் சொல்வோம்.

இதைவிட நல்ல உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், கருணாசேன ஜயலத்தின் புகழ்பெற்ற காதல் நாவலை 1968இல் ‘கொளு ஹதவத்த’ என்ற பெயரில் சிங்களத்தில் படமாக்கினார். ஊமை இதயம் என்று பொருள். திரைக்கதை ரெஜி சிறிவர்தனவுடையது. பாடசாலைப் பருவத்துக் காதல்: சுகத் என்ற மாணவன், தம்மி என்ற மாணவி. படத்தின் முற்பாதி முழுவதும் நாம் சுகத்தின் கண்ணால் பார்க்கிறோம். அவள் பழகினாள், சிரித்தாள், பிறகு காரணமின்றி விலகினாள். அவன் உடைந்துபோகிறான். இத்தோடு முடித்திருந்தால் அதுவும் இன்னொரு தேவதாஸ்தான். அவளைக் கல்நெஞ்சக்காரி என்று ஏசிக்கொண்டு இளைஞர்கள் படமாளிகையை விட்டு வெளியேறியிருப்பார்கள். ஆனால் பிற்பாதியில் படம் திரும்பி வந்து, அதே நாட்களைத் தம்மியின் பக்கத்திலிருந்து காட்டுகிறது. நாம் விளையாட்டென்று எண்ணிய ஒரு பார்வைக்குள் எவ்வளவு வேதனை இருந்தது என்பதை அப்போதுதான் அறிகிறோம். சுகத்தின் துயரம் இதனால் குறைந்துவிடவில்லை. ஆனால் உலகத்தில் துயரப்படுகிறவன் தான் ஒருவனே என்ற எண்ணம் உடைகிறது. குடிக்கிறவனுக்கு அந்த எண்ணந்தானே முதற் போத்தல்?

பாவசங்கீர்த்தன ஆசனத்தில் பல்லாண்டு அமர்ந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். தன் வேதனையைச் சொல்லவருகிறவர் நீண்ட நேரம் தன்னைப் பற்றியே பேசுவார். ஒரு கட்டத்தில், மற்றவர் அப்போது எப்படி இருந்தார் என்று மெதுவாகக் கேட்டால், ஒரு மௌனம் விழும். சிலருக்கு அந்த மௌனத்தில்தான் ஏதோ தொடங்குகிறது. சிலருக்குத் தொடங்குவதில்லை.

தாயிடம் திரும்புவோம். அன்று திண்ணையில் அவர் சொன்னதையெல்லாம் கேட்டபின், நாம் ஒன்று கேட்டோம்: “அந்தப் பிள்ள இப்ப எங்க இருக்கு அம்மா?”

“எந்தப் பிள்ள சாமி?”

“உங்க மகன் விரும்புன பிள்ள.”

அவர் நம்மை வியப்போடு பார்த்தார். கட்டிக்கொடுத்த இடம் புசல்லாவைப் பக்கம் என்பது மட்டுந்தான் தெரியும் என்றார். அதற்குமேல் யாரும் விசாரிக்கவில்லை. அவருக்கும் அது தோன்றவில்லை. நாமும் அதுவரை அந்தப் பிள்ளையைப் பற்றி நினைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பையனைக் கண்டியிலே ஒரு வைத்தியரிடம் காட்டும் ஒழுங்கைப் பற்றிப் பேசிவிட்டுப் புறப்பட்டோம்.

இரண்டு மாதம் கழித்து அதே சிற்றாலயத்துக்குப் போனபோது அந்தத் தாய் மறுபடியும் காத்திருந்தார். மகன் வைத்தியரிடம் இருமுறை போயிருக்கிறான், ஒருமுறை போகாமல் ஏமாற்றியும் இருக்கிறான். ஆனால் அவர் சொல்லவந்தது அதுவன்று. புசல்லாவைக்கு ஒரு சாவீட்டுக்குப் போன இடத்தில் அந்தப் பிள்ளையைப் பற்றி விசாரித்திருக்கிறார். அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து ஏழு மாதமாம். பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரவில்லையாம். வந்தால் பஸ் நிறுத்துமிடத்தில் நிற்கும் பையன்கள் அந்தப் பாட்டைப் போடுகிறார்களாம். அந்த அரை நிமிடப் படம் அவளுடைய கணவன் கைத்தொலைபேசிக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. தாய்வீட்டுக்குப் போகவேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டானாம்.

“இத மகன்கிட்ட சொன்னீங்களா அம்மா?”

“சொன்னேன் சாமி. போன வெள்ளிக்கெழம, சோறு போடும்போது சொன்னேன்.”

“என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல. சோத்தையும் சாப்பிடல. கொஞ்ச நேரம் கழிச்சி, பிள்ளைக்கு என்ன பேருன்னு கேட்டான்.”

அவர் அதை விசாரித்துக்கொண்டு வரவில்லை. அடுத்த முறை புசல்லாவைக்குப் போகும்போது கேட்டு வருவதாகச் சொன்னார்.